பொக்கைச் சாவி

எடை போட்டுத்தான் விற்கிறான் அடேமார்.
திரிஸ்தான் நர்வாஹா தெரு, ஞாயிறு காலை,
கிளிக்கூண்டுகளுக்கும் துருப்பிடித்த குழாய்த் திருகுகளுக்கும் நடுவில்
ஒரு காப்பி டின் நிறைய
வெட்டுப்படாத சாவிகள்.
தராசு ஒரு கிலோ எழுநூறு காட்டியது.
ஒரு கிலோவுக்குக் கொடு, மிச்சம் என் தானம் என்றான்.

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
இவற்றுக்குப் பல்லே இல்லை.
எனக்கோ பல்தான் பிழைப்பு:
அகுவாதா வட்டாரத்தில் நாற்பது பேராவது
என் மெழுகில் பிறந்த கடைவாய்ப் பற்களால்
இறைச்சி மெல்கிறார்கள்.

என் ஆஸ்டின் ஐம்பத்திரண்டாம் வருஷத்தது.
கதவு திறக்கும். எஞ்சின் இருமிவிட்டு ஓடும்.
முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டி மட்டும்
வாங்கிய நாளிலிருந்து வாய் திறக்கவில்லை.
வலப்பக்கம் திரும்பினால் உள்ளே எதுவோ நழுவி
டக்.
இடப்பக்கம் திரும்பினால்
டக்.
பூட்டுக்காரர்கள் மூன்று பேர் பார்த்தாயிற்று.
எல்பியோ உளியைக் காட்டினான்.
பல்லைப் பிடுங்குவது கடைசி வைத்தியம் என்றேன்,
அவனுக்குப் புரியவில்லை.

பூட்டின் முகத்தில் எண் இருக்கும், அதை வைத்துச்
சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள்.
என் பூட்டை எந்தப் புண்ணியவானோ
வாராவாரம் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான்.
ஓர் எழுத்தின் முதுகு மட்டும் மிச்சம்.

ஆகவே இரவு, சமையலறை மேஜை, பழைய செய்தித்தாள்.
தலையை நம்பாதே, இதுதான் நான் முதலில் கற்றது.
வட்டத் தலை, முட்டைத் தலை, கம்பெனி முத்திரை போட்ட தலை,
யார் வேண்டுமானாலும் அந்தத் தலையைச் சூடிக்கொள்ளலாம்.
நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும்.
அப்போது அது சாவியாகத் தெரியாது:
ஒன்று மின்னல் கீற்று,
ஒன்று தூண்டில் கொக்கி,
ஒன்று கழுத்தை மடக்கித் தூங்கும் வாத்து.
பள்ளம் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்,
தோள் எங்கே நின்றுகொள்கிறது.

பிறகு எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன்.
துவாரத்தில் எண்ணெய் தடவி
நோயாளிகளின் ஈறுக்கு வைக்கும் பசையைப் பீச்சினேன்.
ஆ காட்டுங்கள் என்று பழக்கத்தில் சொல்லியும்விட்டேன்.
நாலு நிமிஷம் கழித்து உருவினால்
இளஞ்சிவப்பாக ஒரு குட்டி நாக்கு.

நாக்கை நடுவில் வைத்து
இருநூற்றுப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக.
நுனியிலேயே முட்டி நிற்பவை மரியாதை தெரிந்தவை.
பாதி வரை போய்
இதோ, இதோ என்று ஆசை காட்டி
அப்புறம் நிற்பவைதான் துரோகிகள்.
மாத்தே ஆறிப்போனது.
நூற்றுப் பதினாறாவது
தோள் வரை போயிற்று, சத்தமில்லாமல்,
எங்கோ கூட்டத்தில் நம் பெயர் கேட்டதுபோல.

போனால் போதுமா? பல் வேண்டுமே.
மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி
நுழைத்து, லேசாக முறுக்கி, உருவிப் பார்த்தால்
கரியில் பளிச்சென்று ஐந்து புள்ளிகள்.
நீலத் தாளைக் கடிக்கச் சொல்லிவிட்டு
எங்கே இடிக்கிறதோ அங்கே ராவுவோமே,
இருபத்தாறு வருஷமாக அதே வேலை.
கரி, முறுக்கு, அரம்.
கரி, முறுக்கு, அரம்.

விடிகாலை மூன்றுக்குப் பத்து நிமிஷம்.
திரும்பியது.

உள்ளே
உளுத்துப்போன ஒரு ரப்பர் பேண்டு.
ஒரு சாவி, வெட்டுப்படாதது.
அதே பள்ளம், அதே தோள்.
நூலில் கட்டிய சீட்டில்
பள்ளிக்கூடத்து அச்சுக் கையெழுத்து:
கையுறைப் பெட்டிக்கு. பத்திரம்.

நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நிபியா ஜன்னல் திறந்து
திருடனா என்று கேட்டாள்.
சாவி என்றேன்.
ஜன்னலை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெட்டி காலி.
திருப்பங்களில் வண்டி ஊமை.
ஏதோ ஒரு நட்டு கழன்றுவிட்டதோ என்று
இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன்.

செவ்வாய், சீட்டும் நூலுமாக
அதைத் திரும்ப உள்ளே போட்டேன்.
கிளினிக் போகிற வழியில் ஒன்பது திருப்பம்.
டக்.